கராஜுக்கு மேலே உள்ள அறை

மல்வேர்னில் அக்காவின் வீடு இருக்கும் வரிசையில் எல்லா வீடுகளும் ஒரே மாதிரித்தான்: கீழே கராஜ், அதற்கு நேர் மேலே ஒரு படுக்கையறை, இடையில் மரத்தளம். பனி உறைந்த அந்த மாசி மாதம் அக்காவின் மகள் தன் பச்சைக் குழந்தையோடு அந்த அறையில் இருந்தாள். பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழியும்வரை தாய்வீட்டில் இருப்பதற்காக, தன் வீடிருக்கும் மிசிசாகாவிலிருந்து வந்திருந்தாள். பிள்ளை பெற்ற உடம்பில் குளிர் ஏறக்கூடாது என்பதில் அக்கா கண்டிப்பாக இருந்தார். கராஜ் கதவைத் திறந்தால் மேலே தரை குளிரும் என்பதால் அதையும் திறக்கவிடவில்லை.

கீழே அத்தானின் கார் நின்றது. அறுபதுகளில் பிரித்தானியாவில் செய்த கார். அதன் இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, யப்பானிய இயந்திரம் ஒன்றை உள்ளே இறக்கியிருந்தார். பழைய இயந்திரத்துக்குப் பெற்றோல் மெதுவாக வந்தால் போதும். புதியதற்கு அதை அழுத்தத்தோடு அனுப்பவேண்டும். முதலில் காருக்கு அடியில் ஒரு பம்ப் பூட்டினார். அது நெடுஞ்சாலையில் ஊளையிட்டது. கோடையில் சூடேறி நடுவழியில் நின்றது. ஆகவே பம்பைப் பெற்றோல் தாங்கிக்குள்ளேயே இறக்குவதென்று முடிவெடுத்தார். பெற்றோலில் மூழ்கியிருந்தால் பம்ப் சூடாகாது. சத்தமும் வெளியே வராது. தாங்கியின் மேற்புறத்தில் துளை வெட்டுவதை மட்டும் ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்வித்தார். மிச்சம் தன் வேலை என்றார்.

ஞாயிறு காலை நான் பத்தியக் கறியோடு போனேன். அத்தான் படியிலேயே மறித்தார்.

"மச்சாள், மேல போகமுந்தி ஒருக்கால் வந்து லைற்றைப் பிடியும். எனக்கு ரெண்டு கைதான்."

"உங்கட மனுசி என்ன செய்யிறா?"

"அவ இந்தக் காரைப் பார்க்கவும் மாட்டா. சக்களத்தி எண்டு சொல்லுறா."

காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். தாங்கியின் மேல் உள்ளங்கையளவு துளை. அதற்குள் பம்பை இறக்கி, ரப்பர் வளையம் வைத்து, மூடியைச் சுற்றிவர மரையாணிகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முறுக்கினார். அவருடைய கை நிதானமாக இருந்தது. மூடியிலிருந்து புறப்பட்ட குழாய் காரின் அடியில் இருந்த பழைய இரும்புக் குழாயோடு இணைந்தது. அந்த இணைப்பை அவர் முதல்நாளே முடித்துவிட்டாராம். நான் பார்க்கவில்லை.

இங்கே சாம்பிராணியைப் பற்றிச் சொல்லவேண்டும். தாய்க்கும் பிள்ளைக்கும் முழுக வார்த்தபிறகு தலை ஈரம் போகச் சாம்பிராணிப் புகை பிடிப்பது எங்கள் வழக்கம். கரியைத் தணலாக்கித் தூபக்காலில் இட்டு, மேலே சாம்பிராணித் தூளைத் தூவுவார்கள். முதல் தடவை அக்கா அதை வீட்டுக்குள் செய்தபோது புகை அலாரம் எல்லா மாடியிலும் அலறியது, குழந்தை வீறிட்டது. அதற்குப் பிறகு அக்கா தூபக்காலைக் கராஜுக்குக் கொண்டுவந்து, முதற்புகை அடங்கியபின் மேலே கொண்டுபோகப் பழகிக்கொண்டார். இன்றைக்கு மட்டும் அது வேண்டாம் என்று அத்தான் காலையில் சொல்லியிருந்தார். அக்கா ஓம் என்றாராம்.

அத்தான் கலனிலிருந்து தாங்கிக்குப் பெற்றோல் வார்த்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கார்த் திறப்பைப் பூட்டில் செருகி, பம்ப் மட்டும் ஓடுமளவுக்குத் திருகினார். பின்னால் மெல்லிய முனகல் ஒன்று கேட்டு அடங்கியது.

"கேட்டுதோ? பூனை மாதிரி. இப்ப மீற்றர் என்ன சொல்லுது?"

முன்னால் போய், இயந்திரத்தின் பக்கத்தில் பொருத்தியிருந்த அழுத்தமானியைப் பார்த்தேன். முள் அசையவில்லை.

"ஒண்டும் சொல்லேல்ல."

மறுபடி திருகினார். மறுபடி முனகல். முள் நின்ற இடத்திலேயே நின்றது.

"உது மலிவு மீற்றர். வேலை செய்யாது." இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரு தடவை.

"அத்தான், மணக்குது."

"இப்பதானே வாத்தனான். மணக்கும்தானே?"

நான் வெளிச்சத்தைத் தரையில் அடித்தேன். பின்சக்கரத்துக்கு அருகே கொங்கிரீட் கறுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பு நடுவிலிருந்த வடிகானை நோக்கி அகன்றது. பம்ப் சரியாகத்தான் வேலை செய்தது. அத்தான் திறப்பைத் திருகிய ஒவ்வொரு முறையும் அது பெற்றோலைப் பழைய இணைப்புக்கு அனுப்ப, இணைப்பு அதைத் தரையில் கொட்டியிருக்கிறது.

அதைச் சொல்ல வாயெடுத்தபோது வீட்டுக்குள்ளிருந்து வரும் கதவு திறந்தது. படியின் உச்சியில் அக்கா. கையில் தூபக்கால். அதில் தணல் சிவந்திருந்தது.

"ஒரு நிமிசம்தான். அடுப்பிலயே கரியை மூட்டிப்போட்டன். தூளைப் போட்டிட்டு ஓடிடுவன்."

"அக்கா, நில்லுங்கோ. கீழ இறங்காதையுங்கோ."

"ஏனடி?"

"நிலத்தில பெற்றோல்."

அக்கா தரையைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும் என்று எங்கோ படித்திருந்தேன். படி இரண்டு அடி உயரம். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. அக்கா தூபக்காலை நெஞ்சுக்கு உயர்த்திப் பிடித்தபடி, திரும்பாமலே பின்னோக்கி அடியெடுத்து வைத்தார். கதவு மூடிக்கொண்டது. சமையலறையில் தண்ணீர் ஓடும் ஓசையும் தணல் சீறும் ஓசையும் கேட்டன.

அத்தான் காரிலிருந்து இறங்கிச் சுவரிலிருந்த கராஜ் கதவுப் பொத்தானுக்குக் கையை நீட்டினார். நீட்டிய கையைத் தானே இழுத்துக்கொண்டார். அந்தக் கதவைத் தூக்குவது மின்மோட்டார், அதில் ஒரு பொறி பறந்தால் போதும். பக்கத்து அறையில் தண்ணீர் சூடாக்கும் எரிவாயு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தது. கதவை மோட்டாரிலிருந்து விடுவித்துக் கையால் தூக்கப்பார்த்தோம். அடிப்பக்கம் நிலத்து ஐஸோடு ஒட்டியிருந்தது. அத்தான் காலால் உதைத்தார். அசையவில்லை.

"மச்சாள், நீர் போய் அவையளை வெளியில கொண்டுபோம்."

நான் மேலே ஓடினேன். மகள் ஈரத்தலையோடு கட்டிலில் இருந்தாள். குழந்தை துவாயில் சுற்றிக் கிடந்தது. அக்கா எனக்கு முன்பே வந்து வாசலை மறித்து நின்றார்.

"முழுகின தலையோட இந்தக் குளிருக்குள்ளயோ? ஜன்னி வந்தா ஆர் பொறுப்பு? நெருப்பைத்தான் அணைச்சிட்டனே."

"கீழ தண்ணி ஹீற்றர் எரியுது, அக்கா."

"இவ்வளவு நாளும் எரிஞ்சதுதானே?"

"சித்தி," என்றாள் மகள், "இஸ் திஸ் ஃபோர் ரியல்?"

"ஓம்."

அவள் எழுந்தாள். போர்வையால் தலையை மூடி, குழந்தையைத் தன் சட்டைக்குள் செருகி, தாயின் தோளை ஒரு கையால் விலக்கிக்கொண்டு படியிறங்கினாள். அக்கா கம்பளித் தொப்பியோடு பின்னால் ஓடிவந்தார். வீதியில் என் காரில் அவளை ஏற்றி முடிப்பதற்குள் அவள் அவசர எண்ணை அழைத்து, ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக முகவரியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அத்தான் முன்வாசலால் வெளியே வந்தார். கதவோடு மல்லுக்கட்டியதில் புறங்கையில் இரத்தம். "போன் பண்ண வேண்டாம். அவங்கள் காரை இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள்," என்றார். மகள் அவரைப் பார்க்கவில்லை.

தீயணைப்பு வண்டி வந்தது. எரிவாயுவை நிறுத்தினார்கள், கதவை நெம்பித் திறந்தார்கள், பெரிய மின்விசிறியைத் தள்ளி வைத்து உள்ளே ஊதினார்கள். தரையில் ஏதோ உறிஞ்சும் தூளைக் கொட்டினார்கள். ஒருவர் ஆவியை அளக்கும் கருவியைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்துபோனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. வீட்டுக்குள் மாடிப்படிக்குக் கீழேயும் ஆவி இருந்ததாம். அத்தான் அவரை மறித்து, "பம்ப் இஸ் குட், சேர். ஒன்லி த ஜொயின்ற்," என்று விளக்கத் தொடங்கினார். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு வண்டிக்கு நடந்தார்.

உள்ளே போகலாம் என்று அனுமதி கிடைத்தபோது மகள் காரைவிட்டு இறங்கவில்லை. குழந்தையின் கார் இருக்கையை மட்டும் எடுத்துத் தரச்சொன்னாள்.

"நான் மிசிசாகாவுக்குப் போறன், அம்மா."

"துடக்குக் கழியேல்லையே, பிள்ளை."

"அது அங்க கழியட்டும்."

அக்கா அழவில்லை. இருக்கையின் பட்டியைச் சரிபார்த்து, தொப்பியை மகளின் காதுவரை இழுத்துவிட்டு, கதவைச் சாத்தினார். "கார் ஹீற்றரைக் கூட்டிவிடு," என்று எனக்குச் சொன்னார்.

நெடுஞ்சாலையில் ஏறினோம். குழந்தை உறங்கிவிட்டது. பின்னிருக்கையிலிருந்து மகள் கேட்டாள்:

"அப்பா காரைத் திரும்பப் பூட்டுவார், என்ன?"

"பூட்டுவார்."

"அம்மா அங்கதான் இருப்பா."

நான் கண்ணாடியில் அவள் முகத்தைத் தேடினேன். அவள் குழந்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.