இரண்டு கட்டம் இறங்கிய பாலம்

அந்த யோசனை எனக்கு ரேஷன் கடை வரிசையில் வந்தது. எனக்கு முன்னால் பதினோரு பேர். கைரேகை பதியாத ஒரு பெரியவர் எந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அப்போது போனில், எங்கள் தையல் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. நாற்காலி முதுகில் போட்ட ஒரு வெள்ளைத் துணி. அதில் கொஞ்சம் ஆறு, கொஞ்சம் பாலம், மீதி வெறும் துணி. கீழே எழுதியிருந்தது:

"லில்லிக்க போனில இருந்து அவளுக்க வீட்டுக்காரன் எழுதுதேன். லில்லி போன மாசம் தவறிட்டா. இது அவ பாதியில விட்டது. ஆராவது முடிச்சுத் தந்தா சுவரில மாட்டலாம். அவளுக்க கை பட்ட துணியாக்கும்."

லில்லி அக்காவை நான் நேரில் பார்த்ததில்லை. அருமனைக்காரர் என்று தெரியும். குழுவில் யார் என்ன படம் போட்டாலும், ரோஜாவோ கிளியோ, அவரிடமிருந்து ஒரே குரல் பதிவுதான் வரும்: "முன்பக்கம் எல்லாருக்கும் அழகாத்தான் இருக்கும் பிள்ளே, பின்பக்கம் காட்டு." பின்பக்கத்தில் முடிச்சும் குப்பையும் கிடந்தால் சிரித்துத் தொலைப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே நான் ஒழுங்காகத் தைக்கக் கற்றேன்.

பெரியவரின் ரேகை பதிவதற்குள் நான் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன்: "நான் முடிச்சுத் தாரேன்." யாரையும் கேட்கவில்லை, யோசிக்கவுமில்லை. நான் அப்படித்தான்.

துணி கூரியரில் வந்தது. இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம், மேட்டித் துணி. சின்னச் சின்னக் கட்டங்களாக நெய்த துணி அது. ஒவ்வொரு கட்டத்திலும் நூலால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும், அவ்வளவுதான் கிராஸ் தையல். எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு. இதற்கு அக்காவே பள்ளிக்கூடக் கிராஃப் தாளில், நான்கு தாள் ஒட்டி, குழித்துறை ஆற்றுப் பாலத்தை வரைந்திருந்தார். நான் எம்.எஸ்சி. கணக்கு. வேலைத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று பெயர். "ஏட்டி, பரீட்சைக்குப் படிக்கியா, படம் தைக்கியா?" என்று அம்மா கேட்காத நாள் இல்லை. நான்கு மாதத்தில் முடித்தேன்.

சனிக்கிழமை, காலை 6.50, அஞ்சுகிராமம்

துணி கசங்கக் கூடாது என்று நாலு அங்குல பி.வி.சி. குழாயில் சுருட்டி வைத்து, இரண்டு பக்கமும் மூடி போட்டேன். குழாய்த் துண்டு நூற்றுப் பத்து ரூபாய், மூடி ஒன்று பதினைந்து. விடிந்த வெயிலில் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நாகர்கோவில் போகும் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் சீட்டைக் கிழித்துக்கொண்டே குழாயைத் தட்டினார்.

"என்னம்மா, பிளம்பிங் வேலைக்கா?"

"துணி அண்ணே. தைச்ச படம்."

"துணிக்கு இவ்ளோ பாதுகாப்பா? எங்க வீட்டுல எனக்கே இது கெடையாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று காலை எதற்கும் சிரித்திருப்பேன்.

மயிலாடியில் கல் செதுக்கும் சத்தம் அந்த நேரத்திலேயே தொடங்கியிருந்தது. சுசீந்திரம் தாண்டி, ஏழே முக்காலுக்கு நாகர்கோவில் அண்ணா பேருந்து நிலையம். அங்கிருந்து வடசேரிக்கு நடந்தேன். இருபது நிமிடம். வழியில் இரண்டு இட்லி, ஒரு வடை, முப்பத்தைந்து ரூபாய்.

காலை 8.40, மார்த்தாண்டம் போகும் பேருந்து

முப்பது ரூபாய்ச் சீட்டு. பக்கத்து இருக்கையில் மடியில் பலாப்பழத்தோடு ஒரு அக்கா. தக்கலை வரை குழாயையே பார்த்துக்கொண்டு வந்தவர் அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"உள்ள என்ன பிள்ளே?"

வெளியே எடுத்து விரித்துக் காட்டினேன். பலாப்பழத்தின் மேல் பாலம் விரிந்தது.

"அம்மாடி! அச்சடிச்சது மாதிரில்லா இருக்கு. இத ஆரு உடுப்பா?"

"உடுக்கிறது இல்லக்கா. சுவர்ல மாட்டுறது."

"செவருக்கா துணி? எத்தர நாளாச்சு தைக்க?"

"நாலு மாசம்."

"கெட்டு கழிஞ்சா?"

"இல்ல, இன்னும் கல்யாணம் ஆகல."

"அதான் நேரம் கிடக்கு" என்றார்.

பாதி என்னுடையது இல்லை, இறந்துபோன ஒருவர் தொடங்கியது என்றேன். சொன்னவள் அதோடு நிறுத்தவில்லை. எனக்கு மிகவும் பெருமையான இடம் ஒன்று அந்தத் துணியில் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துணி வந்த இரண்டாம் நாளே கண்டுபிடித்திருந்தேன். மூன்றாவது தூண் வரை பாலம் நேராக வந்தது. அதற்கு வலப்பக்கம் எல்லாமே இரண்டு கட்டம் கீழே இறங்கியிருந்தது. கைப்பிடிச் சுவர் அங்கே ஒரு படி போல உடைந்து தெரிந்தது. வரைபடத்தில் அப்படி இல்லை. உடம்பு முடியாத நேரத்தில் எண்ணிக்கை தவறியிருக்கிறது, பாவம். இப்படிப்பட்ட பிழையைக் கண்டால் கிராஸ் தையல்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு கட்டம் தள்ளினாலே எங்களுக்குத் தூக்கம் கெடும். மூன்றாவது தூணுக்கு வலப்பக்கம் அக்கா போட்டிருந்த எல்லாவற்றையும் சின்னக் கத்தரியால் வெட்டி, இடுக்கியால் நூலைப் பிடுங்கினேன். ஆயிரத்து நூற்று நாற்பது தையல், ஒன்பது நாள். பிறகு வரைபடத்தில் உள்ளபடி நேராகப் போட்டேன். பிடுங்கிய நூலைச் சருகோடு போட்டுக் கொளுத்தியாயிற்று.

"பாத்தா தெரியுதா, எங்க தப்பு இருந்ததுன்னு?" என்று அந்த அக்காவிடம் கேட்டேன்.

"ஒண்ணும் தெரியல்ல" என்றார். அது போதும் என்று எனக்கு இருந்தது.

காலை 10.15, குழித்துறை

மார்த்தாண்டத்தில் அருமனை வண்டி மாறினேன். பேருந்து பாலத்தில் ஏறியதும் சன்னலோடு ஒட்டிக்கொண்டேன். ஆறு நிறைந்து, கலங்கிய தேநீர் நிறத்தில் போனது. அந்த நிறத்துக்கு அக்கா மூன்று வகைத் தவிட்டு நிற நூல்களைக் கலந்திருந்தார். ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கைப்பிடிச் சுவர் நேராக ஓடியது. என் பாலமும் நேர்.

குழித்துறையிலிருந்து அருமனை பதினொரு கிலோமீட்டர் என்றார் நடத்துநர். மேல்புறம் தாண்டியதும் வெயில் காணாமல் போனது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றின் இடுப்பிலும் பால் வடிய ஒரு சிரட்டை. எங்கள் ஊரில் ஒரு மேகத்தைப் பார்க்க ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இங்கே தூறல் யாரையும் கேட்காமல் வருகிறது. ஆட்டோ அறுபது ரூபாய்.

காலை 11.05, அருமனை

தாசையன் அண்ணாச்சி வாசலிலேயே நின்றிருந்தார். லில்லி அக்காவின் கணவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

"அஞ்சுகிராமத்தில இருந்தா வாற? அது எந்த அற்றம், எந்தக் கோடி! இரி மக்களே, இரி." முன்னறைச் சுவரில் ஆணி ஏற்கெனவே அடித்திருந்தது. அதைக் காட்டினார். "நேத்தைக்கே அடிச்சேன்."

மேசையைத் துடைத்தேன். துணியை விரித்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். இடது கரையில் உள்ள தென்னையைத் தொட்டார். பிறகு அவர் சுட்டுவிரல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமாக நகர்ந்தது. முதல் தூண், இரண்டாவது தூண், மூன்றாவது தூண். விரல் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தது. மறுபடி போனது.

"இஞ்ச ஒரு படி இருந்துதே மக்களே."

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "அது தப்பு அண்ணாச்சி. ரெண்டு கட்டம் எறங்கிட்டு. பிரிச்சுச் சரி பண்ணிட்டேன். இப்ப தெரியவே தெரியாது."

"பிரிச்சியா?"

"ஆமா."

"அந்த நூலு?"

"கொளுத்தியாச்சு."

அவர் நிமிர்ந்தார். சாயா போடுகிறேன் என்று உள்ளே போனார். வெகுநேரம் பாத்திரச் சத்தமே கேட்கவில்லை.

அதற்குள் அவர் தங்கை கமலபாய் அடுத்த வீட்டிலிருந்து ஓடி வந்தார். "கொள்ளாம்! கொள்ளாம் பிள்ளே! லில்லி மதினிக்க பாலம் வளைஞ்சுல்லா கிடந்துது, நீ நேராக்கிப் போட்டிருக்க! அண்ணா, இத பாத்தியளா, எப்படி நேரா நிக்குது!"

நான் எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனேன். அவர் பற்றவைக்காத அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கடைசிக்கு அவளுக்குக் கண்ணு பிடிக்கல்ல" என்றார், என்னைப் பார்க்காமல். "கிராஃபில உள்ள கட்டம் ஒண்ணும் தெரியாது. நான் வாசிப்பேன், அவ தைப்பா. மூணு தவிடு, ரெண்டு கறுப்பு, அஞ்சு விடு. பிள்ளையளுக்கு ஆஜர் வாசிக்குத மாதிரி. ஒரு நாளு நல்ல மழை, கரண்டும் இல்ல. நான் ரெண்டு வரி விட்டு வாசிச்சுப் போட்டேன். ஒரு வாரம் கழிச்சாக்கும் பாத்தோம். நான் பிரிக்கச் சொன்னேன். அவ கேக்கல்ல. 'இருக்கட்டு. இல்லைன்னா நீங்க எதுக்கு உக்காந்து வாசிச்சதுன்னு இருக்கும். இது உங்க பாகம்' எண்ணு பறஞ்சா. வாற ஆளுக்கிட்ட எல்லாம் அந்த எடத்தத்தான் விரல் வச்சுக் காட்டுவா. தாசையன் படி எண்ணு."

நான் அழித்தது அந்தப் படி மட்டுமில்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. வலப்பக்கம் இருந்ததுதான் அக்கா கடைசியாகத் தைத்தது. அதற்குப் பிறகு அவர் ஊசி பிடிக்கவில்லை. அந்த ஆயிரத்து நூற்று நாற்பதையும் எண்ணி எண்ணிப் பிடுங்கியவள் நான்.

"போன் இருந்துதே மக்களே" என்றார். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"மறுபடியும் எறக்கித் தைச்சுத் தாரேன் அண்ணாச்சி. ரெண்டே மாசம்."

"நீ தைச்சா அது உனக்க தப்பு. எனக்கது இல்ல."

குழுவில் அவர் போட்ட படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தோம். துணி நாற்காலி முதுகில் மடிந்திருந்தது. மடிப்பு விழுந்தது சரியாக அந்த இடத்தில். வேறு படம் இல்லை. சாயா வந்தது. கமலபாய் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்று எழுதினால் பொய்.

புறப்படும்போது, கதவோரம் நின்று, எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். "நான் போட்டத எல்லாம் எடுத்துட்டா? அக்கா போட்டது மட்டும் மிச்சம் இருக்கும்."

"பாலம்?"

"மூணாவது தூணு வரைக்கும்."

"அதுக்கு அங்கோட்டு?"

"ஒண்ணும் இருக்காது. ஊசி போன துளை மட்டும் தெரியும்."

அவர் ஆணியைப் பார்த்தார். "துளை எத்தர நாளு தெரியும்?"

"துவைக்கிற வரைக்கும்."

"எங்கில் துவைக்காண்டாம்" என்றார். துணியை அவரே சுருட்டி, குழாயில் போட்டு, மூடியை அழுத்தி என்னிடம் தந்தார்.

மாலை 3.20, திரும்பும் வழி

மார்த்தாண்டம் வண்டியில் கூட்டம். குழித்துறைப் பாலத்தில் நெரிசல். பேருந்து பத்து நிமிடம் நகரவில்லை. கீழே ஆறு. நான் குனிந்து என் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாகர்கோவில் வரை மழை. மயிலாடி தாண்டியதும் சாலை காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு விழுந்த அடையாளம் இல்லை. ஒரே மாவட்டம்தான். அந்தக் கோடியில் ஒருவருக்கு என்ன வேண்டும் என்று இந்தக் கோடியில் இருந்துகொண்டே எனக்குத் தெரியும் என்று நான்கு மாதம் நினைத்திருந்தேன். மொத்தத் தொலைவு அறுபது கிலோமீட்டர் வராது.

"மாட்டியாச்சா?" என்று அம்மா கேட்டாள். "இன்னும் இல்ல" என்றேன்.

துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். சிக்கல் அங்கேதான். பின்பக்கத்தில் முடிச்சு போடக் கூடாது என்பதால், இருவர் தையலும் சேரும் ஓரங்களில் என் நூல் தொடங்கும் முனைகளை அக்காவின் தையல்களுக்கு அடியில் செருகி ஓட்டியிருக்கிறேன். முப்பத்தேழு இடம். என்னுடையதை இழுத்தால் அவருடையதும் கூட வரும். இன்னொன்றும் உண்டு. மூன்றாவது தூணுக்கு அப்பால், எந்தத் துளை அக்காவின் ஊசி போனது, எது என்னுடையது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதை நான் அண்ணாச்சியிடம் சொல்லவில்லை.

நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் வலது மேல் மூலை வானத்திலிருந்து தொடங்குவேன். அங்கே என் தையல் மட்டும்தான், கை பழகட்டும். நாளுக்கு இருநூறு தையலுக்கு மேல் எடுப்பதில்லை. அந்த முப்பத்தேழு இடத்துக்கு வரும்போது இழுக்கப்போவதில்லை. என் நூலைத் துணியோடு ஒட்ட வெட்டிவிட்டு, அடியில் சிக்கிய துண்டை அப்படியே விட்டுவிடுவேன். முதல் இடத்தில் கத்தரியை வைக்கும் முன்னால், இந்தத் தடவை, அண்ணாச்சிக்குப் போன் செய்வேன்.