மலைப் பக்கம், மடைப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஆண்களும் தூக்குவாளியோடு கறிக்கடைக்குப் போவார்கள். என் கணவர் மட்டும் விமானம் விடப் போவார். ரிமோட்டில் பறக்கும் பொம்மை விமானம்தான். ஆனால் அவர் காதுபடப் பொம்மை என்று சொல்லிவிட்டால் அன்று பூராவும் பேச்சு வார்த்தை கிடையாது.

உசிலம்பட்டி ரோட்டில் வறண்டு கிடந்த ஒரு கண்மாய்தான் அவர்கள் கிளப்புக்கு ஓடுதளம். ஏழெட்டுப் பேர் சேர்ந்து கல் பொறுக்கி, முள்ளை வெட்டி, ஒரு நீளத் துண்டைச் சமன் செய்து வைத்திருந்தார்கள். மேகம் கூடினால் சுற்றுவட்டாரமே சந்தோஷப்படும். இவர்கள் முகம் மட்டும் தொங்கிப்போகும். கண்மாய் நிறைந்தால் ஓடுதளம் தண்ணீருக்குள் போய்விடுமே! நல்ல வேளை, அந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரியாது.

வெயில் ஏறிக் காற்று கிளம்புவதற்குள் பறக்கவிட்டாக வேண்டும் என்பதால் இருட்டோடு புறப்படுவோம். நான் காருக்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேப்பரில் மடித்த பணியாரம், காய்ந்த கண்மாய் மண்ணின் வாசனை, ஓடுதளத்தில் வந்து படுத்துக்கொள்ளும் ஆடுகள், அவற்றை விரட்டப் பெரிய மனிதர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடும் ஓட்டம். அன்றைக்கு இதெல்லாம் எனக்குத் தண்டனையாகத் தெரிந்தது. இன்று அந்தக் காலைகளில் ஒன்றை யாராவது திருப்பித் தந்தால் ஓடிப்போய் வாங்கிக்கொள்வேன்.

பிறகு அவருக்குக் கண்ணில் கோளாறு வந்தது. நேரே பார்த்தால் நடுவில் ஓர் அழுக்குத் திட்டு; ஓரம் மட்டும் தெரியும். திட்டு பெரிதாகிக்கொண்டே போகும், மருந்தால் வேகத்தைத்தான் குறைக்க முடியும் என்றார் டாக்டர்.  வீட்டுக்கு வந்ததும் என் கணவர் விமானத்தின் மேல்பக்கத்தைப் பளிச்சென்ற மஞ்சளாக்கினார். அடிப்பக்கத்தில் கறுப்புப் பட்டை ஒட்டினார். அதுவும் சில மாதங்களுக்குத்தான் உதவியது.

அப்புறம்தான் நான் காரை விட்டு இறங்கினேன். அவர் தோளோடு ஒட்டி நின்று, விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்வது என் வேலை. முதல் நாளே "வலது, வலது" என்று கத்தினேன். அவரும் வலதுபக்கம்தான் திருப்பினார். விமானம் நேராகப் போய்க் கருவேல முள்ளில் சொருகிக்கொண்டது.

"எந்த வலதுடி?" என்றார்.

"எத்தனை வலதுங்க இருக்கு? என் வலதுதான்."

"அது நம்மளப் பாத்து வருதுல்ல? அதோட வலது நமக்கு இடதுடி!"

வீடு வந்து சேரும்வரை சண்டை. மறுவாரம் நானே ஒரு வழி சொன்னேன். வலதும் வேண்டாம், இடதும் வேண்டாம். வடக்கே தெரியும் நாகமலை மலைப் பக்கம். எதிரே, கரை வளையும் இடத்தில் மடை இருப்பது மடைப் பக்கம். முதுகுக்குப் பின்னால் கரைப் பக்கம். ஒற்றைப் பனை நிற்பது பனைப் பக்கம். "மலைப் பக்கம் திருப்புங்க" என்றால் அவர் கை தானாகக் கணக்குப் போட்டுக்கொள்ளும். முப்பது வருஷத்தில் என் பேச்சை அவர் அப்படியே கேட்டு நடந்தது அந்தக் கண்மாய்க்குள்தான்.

ஆனி மாதத்தில் திட்டு இன்னும் பெரிதாகிவிட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவ. என் கையால ஏத்தி, என் கையால எறக்கணும். அப்புறம் தொட மாட்டேன்" என்றார்.

கிளப்பில் அவருக்கு ஒரு நண்பர் உண்டு. திருமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். இருவருக்கும் பேச்செல்லாம் மாப்ள, மாப்ளதான். அந்த முறையில் நான் அவருக்குத் தங்கச்சி. "சரி மாப்ள. ஆனா நான் இன்னொரு ரிமோட்டோட பக்கத்துல நிப்பேன்" என்றார் அவர். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் அவர் கைக்குப் போய்விடும். என் கணவருக்குப் பிடிக்கவில்லை; ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு காற்றே இல்லை. மற்றவர்கள் கரைமேல் ஏறி நின்றுகொண்டார்கள். விமானம் ஏறியது. மலைப் பக்கம், மடைப் பக்கம், பனைப் பக்கம் என்று மூன்று சுற்று. 

"எறக்கப்போறேன். சொல்லு."

"பனையத் தாண்டிருச்சு. நேரா வருது. மோட்டாரக் குறைங்க."

"எம்புட்டு ஒசரம்?"

"பனை ஒசரம்... இப்ப வீட்டு ஒசரம். லேசா மடைப் பக்கம். போதும், போதும். ஆள் ஒசரம். முழங்கால் ஒசரம். மூக்கத் தூக்குங்க!"

விமானம் ஒரு துள்ளு துள்ளி, புழுதி கிளப்பி ஓடி, எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. 

"எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சுங்க."

அவர் முகம் தெளியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நெசத்தச் சொல்லு. நான் எறக்குனேனா, அவன் எறக்குனானா?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். நண்பரின் ரிமோட் கழுத்து வாரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க மாப்ள ரெண்டு கையையும் தலைமேல வச்சு, கண்ண இறுக்க மூடிக்கிட்டு நிக்கிறாரு" என்றேன்.

என் கணவருக்குத் தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டே அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நண்பர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "என்னாச்சு தங்கச்சி? எறங்கிருச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவரே பதில் சொன்னார்.

"எறக்கிட்டேன் மாப்ள. நாந்தேன் எறக்குனேன்."