மணி அடிக்காத அடக்கம்

எங்கள் மகன் ஒரு பகலும் ஓர் இரவும், மறுநாள் காலையில் சில மணி நேரமும் உயிரோடு இருந்தான். தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம். கோவில்பட்டியில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரி. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். என் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் அதற்குள் அடங்கிவிடுவான். பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனால் நல்ல வசதி உண்டு, ஆனால் பிள்ளை வழி தாங்காது என்று டாக்டரம்மா சொன்னார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சபை நடத்திய தொடக்கப் பள்ளியில் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுப்பேன். வளர்ந்த பிள்ளைகளை முதல் திருவிருந்துக்குத் தயார் செய்யும் திடப்படுத்தல் வகுப்பும் என் பொறுப்புதான். கடவுள் எப்படிப்பட்டவர் என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர், எங்கும் நிறைந்தவர். ஒருவர்தான், ஆனால் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவராக இருக்கிறார். கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து அதை விளக்குவேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஒருவர் எப்படி மூவர் ஆவார் என்று யாராவது கேட்டால் சூரியனையும் வெளிச்சத்தையும் சூட்டையும் சொல்லுவேன். அந்த வெயிலில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் நாள் விடிந்தபோது பிள்ளையின் விரல் நுனிகள் நீலமாகத் தொடங்கியிருந்தன. பக்கத்து அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். என் மனைவி கையில் குளுக்கோஸ் ஊசியோடு படுத்திருந்தாள். எழுந்திருக்க முடியாது.

“நீங்களே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்திருங்க” என்றாள். “உங்களுக்குத்தான் முறை தெரியுமே.”

முறை தெரியும். சாகும் தறுவாயில் இருக்கும் குழந்தைக்குப் போதகர் வர முடியாவிட்டால் விசுவாசி யாரும் தண்ணீர் ஊற்றலாம். மூன்று நாமத்தையும் சொன்னால் போதும். இதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன்.

“அது சாகக் கிடக்குத பிள்ளைக்கு. நம்ம பிள்ளைக்கு எதுக்கு? போதகர் ஐயாவைக் கூட்டிட்டு வாரேன். முறையாக் குடுப்போம்” என்றேன்.

“அதுக்குள்ள…” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள்.

ஏன் ஊற்றவில்லை என்பதை எத்தனையோ விதமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை இதுதான்: நான் தண்ணீர் ஊற்றினால், ‘சரி, பிள்ளையை எடுத்துக்கொள்ளும்’ என்று நானே கடவுளிடம் சொன்னதுபோல் ஆகிவிடும் என்று பயந்தேன். என் விசுவாசத்தை அவர் சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஊற்றாமல் இருந்தால் பிள்ளையை எங்களுக்கே விட்டுவிடுவார் என்று நம்பினேன்.

எங்கள் போதகர் அன்று விளாத்திகுளம் சாலையில் ஒரு கிளைச் சபைக்கு, புது வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தார். பஸ் ஏறிப் போனேன். ஊர்ப் பாதை பிரியும் விலக்கில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரிசல் சேற்றில் நடந்தேன். இரண்டு மைல் நடப்பதற்குள் காலில் ஒட்டிய மண்ணே பாதி ஆள் கனம் கனத்தது. போதகர் ஜெபத்தின் நடுவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முடித்துவிட்டுக் கிளம்பினார். சாப்பாட்டுக்கு நிற்கச் சொன்னவர்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிளின் சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவில் சேறு புகுந்து அடைத்துக்கொண்டது. நூறு அடிக்கு ஒரு தடவை இறங்கி, இரண்டு பேரும் குச்சியால் நோண்டி எடுத்தோம். வெள்ளை அங்கியை இடுப்புவரை தூக்கிச் செருகிக்கொண்டு, “ஆண்டவரே, ஆண்டவரே” என்று முனகியபடி அவர் நோண்டினார். நல்ல மனிதர். அன்று என்னோடு அவர் சேறு நோண்டியதை மறந்திருந்தால், அவரை வெறுப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. பிள்ளை பதினொரு மணிக்கே போய்விட்டான்.

போதகர் வாசல் குழாயில் கால் கழுவ நின்றார். நான் கழுவாமல் உள்ளே ஓடினேன். வராந்தாவில் ஆஸ்பத்திரி ஆயாம்மா என்னை நிறுத்தினார்கள். ஐம்பது வயதிருக்கும். ஆடு மேய்க்கும் குடும்பத்து அம்மா. நெற்றியில் திருநீறு.

“சார், பிள்ளைக்கு மூச்சு முட்டிச்சு. டாக்டரம்மா இன்னொரு பிரசவத்துல இருந்தாவ. நான் போய்ச் சொன்னதும் உங்க வீட்டம்மா ‘தண்ணி, தண்ணி’ன்னு கத்துனாவ. குடிக்கத்தான் கேக்காவன்னு கொண்டுபோனேன். ‘எனக்கில்ல, பிள்ள தலையில ஊத்துங்க, ஏசு பேரச் சொல்லி ஊத்துங்க’ன்னு அழுதாவ. பால் புகட்டுத பாலாடையில தண்ணி மோந்து மூணு தடவ ஊத்தினேன். ‘ஏசப்பா, இது உம்ம பிள்ள, தூக்கிக்கிடும்’னு சொன்னேன். அது சரிதானா, சார்?”

நான் ‘சரிதான்’ என்று சொல்லவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஆயாம்மா, ஐயா வந்து கேப்பாரு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவின்னு சொல்லி ஊத்தினேன்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க பாப்போம்.”

“பிதா… கொமாரன்…”

“பரிசுத்த ஆவி.”

மூன்று தடவை சொல்லவைத்தேன். உள்ளே என் மகன் துணியில் சுற்றிக் கிடந்தான். அவனை இன்னும் பார்க்கவில்லை. நான் வராந்தாவில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

போதகர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஆயாம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: “என்ன சொல்லி ஊத்தினீங்கம்மா?”

ஆயாம்மா என்னைப் பார்த்தார்கள். “சார், நீங்க சொல்லித்தந்ததச் சொல்லட்டா, நடந்ததச் சொல்லட்டா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நடந்ததை அப்படியே சொன்னார்கள்.

போதகர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு, “தம்பி, பிதா, குமாரன், ஆவின்னு திரியேக நாமம் சொல்லல. ஊத்தினவங்க விசுவாசியும் இல்ல. நான் எப்படி எழுதுவேன்?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “ஆண்டவர் இரக்கம் உள்ளவரு. பிள்ளையக் கைவிட மாட்டாரு. ஆனா ஞானஸ்நானப் பதிவேட்டுல நான் பொய் எழுதக் கூடாதுல்லா?”

எல்லாம் அறிந்தவருக்கு அந்தத் தண்ணீர் யாரை நினைத்து விழுந்தது என்று தெரியாதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பொய் சொல்லிக்கொடுத்துப் பிடிபட்டவன் வேதம் பேச முடியுமா?

அன்று சாயங்காலமே அடக்கம் செய்தோம். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கோயில் மணி கிடையாது. அடக்க ஆராதனை கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் வேலியோரம், உடைமுள் மரத்தடியில் குழி. தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. ஒரு வாளியால் இறைத்துவிட்டு அவசரமாக வைத்தோம். போதகர் அங்கி போடாமல் வந்து, சொந்த வார்த்தையில் ஒரு ஜெபம் செய்தார். நாலைந்து பேர்தான் இருந்தோம். பிள்ளைக்கு ஒரு பெயர் பார்த்து வைத்திருந்தோம். அதை யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். என் மனைவி, “மணி அடிச்சாங்களா?” என்று கேட்டாள்.

“அடிச்சாங்க.”

“பாட்டு?”

“பாடினோம்.”

“நல்லவேளை, அந்த அம்மா இருந்தாங்க” என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் பொய் ஏழு வாரம் தாங்கியது. பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒரு பெண், ஆறுதல் சொல்லத்தான், “மணி அடிக்காட்டி என்னக்கா, பிள்ள ஆண்டவர் மடியிலதான் இருப்பான்” என்று சொல்லியிருக்கிறாள். என் மனைவி வீட்டுக்கு வந்தாள். அரிசி களைந்து உலையில் போட்டாள். கஞ்சி வடித்தாள். எனக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“எதுக்குப் பொய் சொன்னீங்க?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“நான் மூணு பேரையும் சொல்லச் சொல்லிருக்கணும். எனக்கு அந்நேரம் ஏசு பேரு ஒண்ணுதான் வாயில வந்துச்சு” என்றாள். நான் செய்யாததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவள் திருவிருந்துக்குப் போகவில்லை. கோயிலுக்கு வருவாள். பாட்டுப் பாடுவாள். அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் வரிசையாகப் பீடத்துக்கு முன்னால் போகும்போது அவள் மட்டும் பாயில் உட்கார்ந்திருப்பாள். போதகர் வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். “பிள்ளைக்கு இடம் இல்லாத பந்தி எனக்கு எதுக்கு, ஐயா? ஆண்டவர் மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அவருகிட்ட கேக்க வேண்டியது இருக்கு. கேட்டு முடிச்சிட்டு வாரேன்” என்றாள்.

நான் போனேன். மாதாமாதம் மண்டியிட்டு வாங்கினேன். சந்தேகம் எல்லாம் எனக்குத்தான் இருந்தது.

கோடையில் கரிசல் மண் ஒரு முழ ஆழத்துக்கு வெடிக்கும். முதல் கோடையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, அந்தச் சின்ன மேட்டின் நடுவில் என் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்தது. ஓடையிலிருந்து சாக்கில் மணல் அள்ளிவந்து கொட்டினேன். மறுவாரம் மணல் உள்ளே இறங்கிப்போய் மறுபடி வெடிப்பு தெரிந்தது. மறுபடி கொட்டினேன். அங்கே குனிந்து நின்ற ஒரு நாள்தான், கடவுள் இல்லவே இல்லையோ என்ற எண்ணம் முதலில் வந்தது. பயந்து சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. வெயில்தான் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்பதே அதைவிடப் பயமாக இருந்தது.

அந்த வருடம் வகுப்பில் திரித்துவப் பாடம் வந்தது. முக்கோணம் வரைந்தேன். கை நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து முகங்கள் என்னைப் பார்த்தன. “இது எனக்குத் தெரியாது” என்றேன். மறுவாரத்திலிருந்து வேறொருவர் அந்த வகுப்பை எடுத்தார். யாரும் என்னிடம் காரணம் கேட்கவில்லை.

நாலைந்து வருடம் கழித்து ஆயாம்மாவைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, இடைசெவல் பக்கம் மகன் வீட்டில் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் தெரிந்தது.

“உங்களப் பொய் சொல்லச் சொன்னேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்.”

“பெத்தவன் வேற என்ன செய்வான்? அதெல்லாம் அன்னைக்கே போச்சு.” ஓர் ஆட்டுக்குட்டியின் காலில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டே பேசினார்கள். “தண்ணி பட்டதும் அந்தப் பிள்ள கண்ண முழிச்சிச்சு, சார். ரெண்டு கண்ணையும் முழிச்சு என்னையப் பாத்துச்சு. பொறவுதான் மூடிச்சு.”

அவன் கண் திறந்து நான் பார்த்ததில்லை. என் மனைவியும் பார்த்ததில்லை.

“வேற பிள்ளைகளுக்கும் இப்படி ஊத்தியிருக்கீங்களா?”

“எத்தனையோ தடவ. அவுகவுக சாமி பேரச் சொல்லி வாயில ஒரு சொட்டு விடுவேன். எனக்கு எந்தச் சாமி எப்படின்னு தெரியுமா? பிள்ள ஒத்தையில போவக் கூடாதுல்லா, அதுக்குத்தான்.”

வீட்டுக்கு வந்து கண் திறந்த செய்தியைச் சொன்னேன். என் மனைவி அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். மறுபடியும் சொல்லச் சொன்னாள். பிறகு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். அவன் செத்த நாளில்கூட அப்படி அழவில்லை.

எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. பழைய போதகர் மாற்றலாகிப் போனார். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த இளம் போதகர் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். கையோடு பதிவேட்டையும் கொண்டுவந்திருந்தார். “அக்கா, அவசர ஞானஸ்நானம்னு நான் இப்ப எழுதுதேன். பேரச் சொல்லுங்க” என்றார்.

நான் ஆவலாக என் மனைவியைப் பார்த்தேன். அவள் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு நின்றபடியே சொன்னாள்: “அன்னைக்கு ஆண்டவரு ஏத்துக்கிட்டாருன்னா, இன்னைக்கு எழுதுததுக்கு என்ன இருக்கு, ஐயா? ஏத்துக்கலன்னா, நீங்க எழுதினதும் ஏத்துக்கிடுவாரா?”

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன்: “உனக்கு ஆண்டவரு இருக்காருன்னு எப்படி இவ்வளவு நிச்சயம்? எனக்கு அது போய் ரொம்ப நாளாச்சு.”

அவள் ஆச்சரியப்படவில்லை. “தெரியும். நீங்க ஜெபம் பண்ணும்போது குரல்லயே தெரியும்” என்றாள். டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். பத்து வருடமாகத் தொண்டையில் கிடந்ததை அங்கேதான் சொன்னேன். “அன்னைக்குக் காலையில நான்தான் ஊத்தியிருக்கணும். நீ சொல்லும்போதே ஊத்தியிருக்கணும்.”

“ஆமா” என்றாள்.

பரவாயில்லை என்று சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கொல்லைக்குப் போனாள்.

அடுத்த திருவிருந்து ஞாயிற்றில் வரிசை எழுந்தபோது நான் எழவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையை லேசாக அசைத்து, போங்க என்று சைகை காட்டினாள். மாட்டேன் என்று தலையாட்டினேன். கோயிலில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைக் கடந்து முன்னால் போய்த் திரும்பி வந்தார்கள். நான் எழாமல் இருந்ததில் அவளுக்கு ஏதாவது ஆறுதல் இருந்ததா என்று தெரியவில்லை. எனக்கு இல்லை. ஆனால் அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம். அவள் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டு. நான், அவளுக்காக.