காதில் விழ வேண்டிய சொல்

நடுவரம்மாவுக்குத் தொழில் பல் கட்டுவது. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். லேபின் மூலையில் உட்கார்ந்து, மெழுகிலும் பிளாஸ்டரிலும் பற்களை வரிசை பிடித்து, எத்தனையோ பேருக்குச் சிரிப்பைச் செய்து கொடுப்பார். அந்தச் சிரிப்புகளுக்கு அவர் யாரென்றே தெரியாது. வீட்டில் தங்கை, தங்கை கணவர், அவர்களுடைய இரண்டு பெண்கள். நல்லவர்கள்தான். ஆனால் ஃபிரிட்ஜ் வாங்குவதிலிருந்து ஜன்னல் திரையின் நிறம் வரை எதையும் அவரிடம் கேட்டு முடிவு செய்ததில்லை. ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனுஷியின் சொல் எங்கேயாவது அம்பலம் ஏற வேண்டாமா?

ஏறியது. ஞாயிறு பிற்பகல்களில், ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு மேலே இருந்த வாடகை அறையில். அங்கே ஆறு பேர் கூடி, இரண்டு விரற்கடை உயர ஈயப் பொம்மை வீரர்களை அணிவகுக்க வைத்துப் போர் விளையாடுவார்கள். பெரிய மேசை, மேலே பச்சைத் துணி, துணிக்கடியில் பழைய டெலிபோன் புத்தகங்களை அடுக்கினால் அதுதான் குன்று. டேப்பால் அளந்து படையை நகர்த்த வேண்டும், பகடை உருட்டி வெட்டுக்குத்தைத் தீர்க்க வேண்டும். பிள்ளை விளையாட்டு என்று சிரிப்பவர்கள் ஒருநாள் வந்து பார்க்கட்டும். அரை விரற்கடை தகராறில் இரண்டு மாதம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் அங்கே உண்டு. அதனால்தான் ஏழாவதாக ஒரு நடுவர், இந்த நடுவரம்மா. இருநூற்றுப் பன்னிரண்டு பக்க விதிப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பத்தொன்பது வருஷத்தில் அவர் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்த அறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. தீர்ப்புச் சொன்னதும், அது யாருக்குப் பாதகமோ அவர் வாய்விட்டு, "ஒத்துக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். நடுவர் காதில் அது விழாத வரை தீர்ப்பு நிற்காது, விழுந்துவிட்டால் மாறாது. முன்பு ஒருவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, அடுத்த வாரம் வந்து, "நான் எங்க ஒத்துக்கிட்டேன்?" என்று ஒரு சண்டை கிளப்பினார். அன்றைக்கு நடுவரம்மா போட்ட விதி அது.

அந்தச் சொல்லைக் கொஞ்சமும் மனக்கசப்பில்லாமல் சொல்பவர் தையல்காரர். மேசைத் துணியை அளவெடுத்து ஓரம் அடித்துக் கொடுத்தவரும் அவர்தான். வெண்கலக் குரல். பகடையை உள்ளங்கையில் குலுக்கி, "வாடா ராசா, மானத்தக் காப்பாத்து!" என்று அவர் கூப்பிட்டால், கீழே கியர் போடக் கற்றுக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து மேலே பார்ப்பார்கள். ராசா பெரும்பாலும் வர மாட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "ஒத்துக்கிறேன்" என்பார்.

இந்த வருஷம் விதிப் புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்தது. தொண்ணூறே பக்கம். கத்தரித்துத் தள்ளியிருந்தார்கள். சுற்றி வளைக்கப்பட்ட படை அங்கேயே சரணடைய வேண்டும் என்ற பழைய விதி போயே போயிற்று. இனி இரண்டு பகடையை ஒருமுறை உருட்டலாம், ஒன்பதோ அதற்கு மேலோ விழுந்தால் உடைத்துக்கொண்டு வெளியேறலாம்.

அறை இரண்டாகப் பிளந்தது.

"மாட்டினவன் நைஸா நழுவிப் போறதுக்கு இது போர்க்களமா, பஸ் ஸ்டாண்டா?" என்றார் தையல்காரர்.

புதுப் புத்தகத்துக்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்றவன் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வயதுக்காரன், வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. "பழசுல ஒரு ஆட்டம் முடியறதுக்குள்ள பொழுது போயிடுதுண்ணே. இதுல எல்லாம் சுருக்கமா இருக்கு, போன்ல தேடினா வந்துடுது." பிறகு நடுவரம்மா பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களும் இனி சும்மா உக்காந்திருக்க வேண்டாம். ஒரு படைய எடுத்துட்டு எங்களோட விளையாடலாமே" என்றான்.

நல்லெண்ணத்தில்தான் சொன்னான். நடுவரம்மாவுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலியை யாரோ இழுத்தது போல் இருந்தது. நடுவர் ஓட்டுப் போடும் வழக்கமில்லை. நாலுக்கு இரண்டு என்று புதுப் புத்தகம் ஜெயித்தது. அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று தடவை படித்தார்.

அதே சமயத்தில்தான் தையல்காரரின் தொண்டையில் புற்று என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை, கம்மிப்போன குரலோடு, அவர் ஆட்டத்துக்கு வந்தார். புதுப் புத்தகத்தில் முதல் ஆட்டம், எதிரே மெக்கானிக். இது அந்தக் குரலோடு கடைசி ஆட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

குன்றின் அடிவாரத்தில் தையல்காரரின் ஏழு குதிரை வீரர்கள், தளபதியோடு, மெக்கானிக்கின் ஈட்டிக்காரர்கள் நடுவே மாட்டிக்கொண்டார்கள். எல்லோரும் நடுவரம்மாவைப் பார்த்தார்கள். மெக்கானிக்கின் கை மட்டும் போன் இருந்த பைக்குப் போனது. அதை நடுவரம்மா பார்த்துவிட்டார். அந்தப் போன் வெளியே வருவதற்குள் தன் வார்த்தை வெளியே வந்துவிட வேண்டும்.

"சரணடையணும். படை போச்சு."

தையல்காரர் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு, "ஒத்துக்கிறேன்" என்றார். தளபதி போனால் ஆட்டம் போச்சு. மெக்கானிக் போனைத் தொடாமலே கையை வெளியே எடுத்தான்.

புதன்கிழமை லேபில் பிளாஸ்டர் இறுகக் காத்திருந்தபோது நடுவரம்மா புதுப் புத்தகத்தைப் புரட்டினார். அறுபத்து நான்காம் பக்கம்: மாட்டிய படை பகடை உருட்டிப் பார்க்கலாம். மூன்று தடவை படித்த பக்கம்தான். பத்தொன்பது வருஷப் பழக்கமும் ஒரு நிமிஷ வீம்பும் சேர்ந்து அதை மறைத்துவிட்டன. அவமானத்தில் காது சுட்டது. யாரும் கவனிக்கவில்லை, சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியவும் போவதில்லை. ஆனால் அந்தக் குரலில் அவர் கடைசியாகக் கேட்ட வார்த்தை, தன் தப்புக்குத் தையல்காரர் போட்ட கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

சனிக்கிழமை, பல் செட் வைக்கும் டப்பாக்களில் குதிரை வீரர்களையும் ஈட்டிக்காரர்களையும் பகடைகளையும் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தையல்காரர் கழுத்தில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் எழுதி அழிக்கும் சின்னப் பலகை. "நாலு நாளா அதுல கூட ஒண்ணும் எழுத மாட்டேங்கறார்" என்றார் அவர் மனைவி.

நடுவரம்மா உட்காரக்கூட இல்லை. "அண்ணே, ஞாயித்துக்கிழமை நான் சொன்னது தப்பு. நீங்க உருட்டியிருக்கணும்."

தையல்காரர் பலகையில் எழுதினார்: தெரியும். பக்கம் 64.

"தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டீங்க?"

அதன் கீழே எழுதினார்: அந்த ரூல் வேண்டாம்னு ஓட்டுப் போட்டவன் நான். அதுல தப்பிக்க மாட்டேன்.

"அது உங்க வீம்பு. நான் தப்பா சொன்னா முகத்துக்கு நேரா தப்புன்னு சொல்லியிருக்கணும். நீங்களே சொல்லலன்னா அப்புறம் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு?" கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நோயாளியிடம் சத்தம் போடுகிறோமே என்றுகூடத் தோன்றவில்லை.

தையல்காரர் பலகையை மெதுவாக அழித்தார். மறுபடி எழுதினார்: அவன் போனை எடுக்கப் போனான்.

நடுவரம்மா அதைப் படித்தார். தான் பார்த்த அந்தக் கையை அவரும் பார்த்திருக்கிறார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எடுத்தா எடுத்துட்டுப் போறான். என் தப்பு என்னோட போயிருக்கும்" என்றார் கடைசியில். "ஒத்துக்கிட்ட தீர்ப்ப மாத்தக் கூடாதுன்னு ரூல் போட்டவ நான்தான். இன்னைக்கு ஒரு தடவை நானே அதத் தள்ளி வைக்கிறேன். நாலுக்கு ரெண்டுன்னு ஓட்டு விழுந்தாச்சு. உங்களுக்குப் பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும் புதுசுதான் சட்டம்."

சாப்பாட்டுப் பலகையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்தார். டேப்பை நீட்டி அளந்து, ஏழு குதிரைகளையும் சுற்றி ஈட்டிகளையும் ஞாயிறன்று நின்ற இடத்திலேயே நிறுத்தினார். "உருட்டுங்க."

தையல்காரர் பகடைகளை உள்ளங்கையில் நெடுநேரம் குலுக்கினார். உதடு அசைந்தது. ராசாவைத்தான் கூப்பிட்டிருப்பார். உருட்டினார்.

ஆறும் இரண்டும்.

நடுவரம்மா பகடையைக் குனிந்து பார்த்தார். வேறு எதையாவது சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. "எட்டு. ஒண்ணு குறையுது. படை போச்சு."

தையல்காரர் பழக்கத்தில் வாயைத் திறந்தார். காற்று மட்டும் கழுத்துக் கட்டு வழியாக வந்தது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தையல்காரர் பலகையை எடுத்து ஒரே சொல்லை எழுதி நீட்டினார்.

"காதுல விழணும்ணே. அந்த ரூல் இன்னும் இருக்கு" என்றார் நடுவரம்மா. பலகையை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். டிரைவிங் ஸ்கூல் வரை கேட்கிற அந்த வெண்கலச் சத்தத்துக்குத் தன் குரலை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றி, "ஒத்துக்கிறேன்!" என்று படித்தார்.

வராந்தாவில் போன நர்ஸ் நின்று எட்டிப் பார்த்தாள். தையல்காரர் தலையசைத்துவிட்டு, குதிரை வீரர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பல் டப்பாவில் வைக்கத் தொடங்கினார்.