எழுத்து ஓடும் மேட்னி: உத்திரமேரூரில் நான்கு ஆடி ஞாயிறுகள்

என் மனைவி மலர்விழிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் நாங்கள் தியேட்டருக்குச் சேர்ந்து போனது மூன்று முறைதான். மூன்றாவது முறை இடைவேளையிலேயே எழுந்துவிட்டாள். "நீ வசனத்தைச் சொல்லச் சொல்ல உன் கையைத்தான் பார்க்க வேண்டியிருக்கு. படத்தை யார் பார்க்கிறது?" என்று சைகையில் கேட்டாள். அதோடு தியேட்டர் பக்கம் போவதை விட்டுவிட்டோம்.

போன ஆடி மாதம் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடிக்கும் என் முகத்துக்கும் நடுவில் அவளுடைய போன் வந்து நின்றது. அவளுடைய வாட்ஸப் குழுவில் வந்த செய்தி. உத்திரமேரூர் தியேட்டரில் அந்த மாதம் முழுக்க, ஞாயிறு மதியக் காட்சியில், வசனம் தமிழில் எழுத்தாக ஓடும். இங்கிலீஷ் எழுத்து பல இடங்களில் வருகிறது, மலருக்கு அது உதவாது. அவள் படித்ததெல்லாம் தமிழில். "போறோம்" என்றாள். அது கேள்வியில்லை, தகவல்.

எங்கள் வீடு தாம்பரத்தில். செங்கல்பட்டு வரை மின்சார ரயில், ஆளுக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து உத்திரமேரூருக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் ஒரு மணி நேரம், முப்பது ரூபாய்க்குள். காட்சி இரண்டரை மணிக்கு. பதினொரு மணிக்குக் கிளம்பினால் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டே போய்ச் சேரலாம். முதல் ஞாயிறு கண்டக்டரிடம் வழி கேட்டேன்.

"கொட்டாயா? பஸ் ஸ்டாண்டுல எறங்கி பின்னால நட சார். ஷீட்டு போட்ட பெரிய கட்டடம், போஸ்டர் ஒட்டிக்கினு கீது பாரு, அதான்" என்றவர், டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "எழுத்து போடறாங்களாமே? தமிழ்ப் படத்துக்கு இன்னாத்துக்கு சார் தமிழ் எழுத்து?" என்று கேட்டார். நான் மலரைக் காட்டினேன். "ஓ" என்றார். இறங்கும்போது அவர் மலரைப் பார்த்து, தியேட்டர் இருக்கும் திசையைக் கையை நீட்டித் தெளிவாகக் காட்டினார்.

தியேட்டரில் முந்நூறு பேர் உட்காரலாம். ஏ.சி. கிடையாது. பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டுத் திரைச்சீலை போட்டிருக்கிறார்கள். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம். டிக்கெட் எழுபது ரூபாய். திரைக்குக் கீழே நீளமாக ஒரு கறுப்புத் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பால்கனியிலிருந்து சின்னப் புரொஜக்டர் ஒன்று அந்தத் துணியில் வெள்ளை எழுத்தை அடிக்கிறது. ஏற்பாடு அவ்வளவுதான்.

இதைச் செய்பவர் தியேட்டரின் உரிமையாளர் பரிமளா. ஐம்பது வயதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடி, இடுப்பில் சாவிக் கொத்து. ராஜகுளத்தில் தறி நெய்யும் ஏழுமலையும் அவர் மனைவி சுகந்தியும் பரிமளாவுக்குப் பழக்கம். இருவருக்கும் காது கேட்காது. புடவை வாங்கப் போன இடத்தில் சுகந்தி போனில் டைப் செய்து ஒரு கேள்வியைக் காட்டியிருக்கிறார்: "எங்களுக்குப் புரியுற மாதிரி எப்போ படம் போடுவீங்க?"

"ஞாயமாத்தான் கேட்டாங்க சார்" என்றார் பரிமளா. "அதான், படம் குடுக்கறவர் கிட்ட கேட்டுக்கினு, ஒரு மாசம் போட்டுப் பாப்போம்னு ஆரம்பிச்சேன். ஆனா ஒண்ணு, எப்பவும் வர்ற ஜனம் கொறஞ்சா நிறுத்திடுவேன். அவங்கள வச்சிதான் இந்தக் கொட்டாய் ஓடிக்கினு கீது."

வாரம் ஒரு படம். வார நாட்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வசனம் முழுவதையும் அவரே லேப்டாப்பில் டைப் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் உட்கார்ந்து, நடிகர் ஒவ்வொரு வரி பேசும்போதும் ஒரு பட்டனை அமுக்குகிறார். அமுக்கினால் அடுத்த வரி வரும்.

முதல் ஞாயிறு இதில்தான் வம்பு வந்தது. குடும்பப் படம். சாப்பாட்டுக் காட்சி ஒன்றில் பரிமளா தன்னை மறந்து சிரித்து, நாலைந்து வரிக்குப் பட்டனை அமுக்காமல் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எழுத்து பின்தங்கிவிட்டது. அடுத்த காட்சியில் அப்பா செத்துக் கிடக்கிறார், மகன் மார்பில் அடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறான், கீழே "இன்னும் ரெண்டு கரண்டி சட்னி ஊத்து" என்று ஓடுகிறது. மலர் சிரித்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஏழுமலை, சுகந்தி, தாமலிலிருந்து வந்த அவர்கள் நண்பர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

முன் வரிசையிலிருந்து ஒரு பெண் திரும்பினார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மாகறலிலிருந்து நாத்தனாரோடு வந்தவர். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. வாரமெல்லாம் கழனி வேலை, ஞாயிறு தவறாமல் இந்த மேட்னி.

"சாவுல இன்னா சிரிப்பு? மனசாட்சி கீதா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் மலரை ஒரு நிமிஷம் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் விடவில்லை. "அவங்க பாக்கட்டும், நான் இன்னா வேணான்னா சொன்னேன்? ஆனா கண்ணு அந்த எழுத்து மேலயே போவுதே. படிக்கத் தெரியாத எனக்கே போவுது!"

இரண்டாவது ஞாயிறு பேய்ப் படம். பரிமளா இந்த முறை சத்தங்களையும் எழுதியிருந்தார். "கதவு கிறீச்சிடுகிறது." "தூரத்தில் நாய் ஊளையிடுகிறது." "யாரோ கொலுசு போட்டு நடக்கிறார்கள்." மலர் என் தொடையைக் கிள்ளினாள். "கொலுசுக்குச் சத்தம் உண்டுன்னு தெரியும். அது கேட்டா பயப்படணும்னு தெரியாதே!" கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கேள்வி. "இதயம் துடிக்கிறதுன்னு போடுறாங்களே, நிஜத்துல பக்கத்துல இருக்கிறவங்களுக்கு அது கேக்குமா?" சினிமாவில் மட்டும்தான் என்றேன். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

இடைவேளை முடிந்ததும் என்னிடம் வரவில்லை. சுகந்தி கூப்பிட்டார் என்று பின் வரிசைக்குப் போய்விட்டாள். அங்கே அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பயந்தார்கள், வசனமில்லாத இடங்களில் சைகையில் அரட்டை அடித்தார்கள். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததும் உறுத்தியது.

படம் விட்டதும் டிக்கெட் கவுன்டர் அருகே கூட்டம். நடுவில் கன்னியம்மா. "மொதலாளியம்மா, பேய் வர்றதுக்கு முன்னாடியே எழுத்துல வந்துடுது. படிக்கத் தெரிஞ்ச பயலுங்க 'இப்ப வரும் பாரு'ன்னு கத்தறானுங்க. அப்புறம் எனக்கு இன்னா பயம்? எதுக்கு எழுபது ரூவா?"

நியாயமான பேச்சு. பரிமளாவும் மறுக்கவில்லை. "இன்னும் ரெண்டு ஞாயிறு பொறுத்துக்கோ கன்னியம்மா. அப்பறம் பாக்கலாம்" என்றார். கூட்டம் போன வாரத்தைவிடக் குறைவாக இருந்ததை நானும் கவனித்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சுகந்தி இதை மலரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, முகம் வாடிப்போய் ஏழுமலையிடம் சைகையில் ஏதோ சொன்னார். மலர் எனக்குச் சொன்னாள்: "ரெண்டு வாரத்துல முடிஞ்சுடும்னு பயப்படுறா."

மூன்றாவது ஞாயிறு ஊரே மஞ்சளும் வேப்பிலையுமாக இருந்தது. தியேட்டருக்குப் பின் தெருவில் அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். நாங்களும் போய் ஒரு சொம்பு வாங்கிக் குடித்தோம். முருங்கைக்கீரைப் பொரியலோடு அருமையாக இருந்தது. பிரச்சினை, கம்பத்தில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கிகள். அதில் இரண்டு தியேட்டர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

ஓடிப்போன தங்கையை ஊர் ஊராகத் தேடும் அண்ணனின் கதை அன்றைய படம். அரை மணி நேரம் ஓடியிருக்கும், அம்மன் பாட்டு ஆரம்பித்தது. நாற்காலி அதிர்ந்தது. திரையில் உதடு அசைகிறது, ஒரு வார்த்தை காதில் விழவில்லை. விசில், கூச்சல். "படத்த நிறுத்து" என்றார்கள். பரிமளா ஆளனுப்பிக் கோயிலில் கேட்டார். அவர்களும் மரியாதைக்குக் குறைத்தார்கள். பத்து நிமிஷத்தில் மறுபடி பழைய சத்தம். அம்மனிடம் யார் சண்டைக்குப் போவது?

பின் வரிசையில் மலரும் நண்பர்களும் எதுவும் நடக்காதது போலப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெல்ல மெல்லக் கூச்சல் அடங்கியது. ஏன் என்று சுற்றிப் பார்த்தேன். எல்லார் தலையும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. எல்லாரும் கறுப்புத் துணியைப் படித்துக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் காதோரம் கத்திச் சொன்னார்கள். திடீரென்று யாரோ என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். கன்னியம்மா.

"நைனா, எங்க நாத்தனாரும் என்னாட்டம்தான், எழுத்து தெரியாது. நீ படிச்சி சொல்லு. அண்ணங்காரன் பஸ் ஸ்டாண்டுல தங்கச்சியக் கண்டுபுடிச்சிட்டான். இன்னா சொல்றான்?"

அவர் காதுக்குள் கத்தினேன். "வீட்டுக்கு வரியான்னு கேக்குறான்!"

"அவ?"

"இன்னும் எழுத்து வரலை."

"மேல கீற அந்தம்மாவ சீக்கிரம் அமுத்தச் சொல்லு!"

தங்கை வாயைத் திறந்தாள், எழுத்து வந்தது. "வர்றேன், ஆனா அப்பா இருக்கிற வீட்டுக்கு இல்லைன்னு சொல்றா." கன்னியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "சரியாத்தான் சொல்றா" என்றார். அதை நாத்தனாருக்கும் கத்திச் சொன்னார். படம் முடியும்வரை நிறுத்தாமல் படித்தேன். தொண்டை கட்டிவிட்டது. நடுவில் ஒருமுறை நான் பின்னால் திரும்பியபோது மலர், "உனக்கு வேற ஆள் கிடைச்சாச்சா?" என்று சைகையில் கேட்டுச் சிரித்தாள்.

வெளியே வந்ததும் கன்னியம்மா நேராக மலரிடம் போனார். தியேட்டரைக் காட்டி, கண்ணைத் துடைப்பது போல் செய்து, நெஞ்சில் கையை வைத்தார். மலர் தலையாட்டி, அப்பா பாத்திரத்தின் மீசையை விரலால் முறுக்கிக் காட்டி முறைத்தாள். கன்னியம்மா கையை ஓங்கினார். இருவரும் சிரித்துக்கொண்டே அந்த அப்பாவைக் கொஞ்ச நேரம் திட்டினார்கள். மொழிபெயர்க்க என்னை யாரும் கூப்பிடவில்லை.

போகிறபோது கன்னியம்மா கவுன்டரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மொதலாளியம்மா, அடுத்த வாரம் எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசா போடு. பேய்ப் படம்னா மட்டும் பேய் வந்தப்பறம் போடு."

நான்காவது ஞாயிறு போனபோது பரிமளா கவுன்டருக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். கவுன்டர் ஆள் தன் ஊர்க் கூழுக்குப் போய்விட்டாராம். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. என்னைப் பார்த்ததும், "சார், பட்டன் அமுத்த ஆள் இல்ல. நீங்க போறீங்களா?" என்றார். நான் தயங்கினேன். "ஒண்ணும் பேஜார் இல்ல சார். வாய் தொறக்கும்போது அமுத்துங்க. முன்னாடி அமுத்தினா அவங்க முன்னாடி சிரிச்சிடுவாங்க, லேட்டா அமுத்தினா லேட்டா சிரிப்பாங்க. அவ்ளோதான்."

கல்யாண வீட்டில் மாப்பிள்ளை மாறிப்போகும் சிரிப்புப் படம். முதல் கால் மணி நேரம் எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு ஜோக்கை முன்கூட்டியே விட்டுவிட்டேன். பின் வரிசை சிரித்தது, மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்ததில் தாமதம், ஊரே சிரித்து ஓய்ந்த பிறகு பின் வரிசை தனியாகச் சிரித்தது. இந்தத் தனிச் சிரிப்பு எனக்குத் தெரியும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், எல்லாரும் சிரித்து முடித்து, நான் விளக்கி, அதன் பிறகுதான் மலர் சிரிப்பாள். அந்த நேரத்தில் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

அதற்குப் பிறகு நான் படத்தைப் பார்க்கவில்லை. நடிகர்களின் வாயை மட்டும் பார்த்தேன். சமையல்காரர் மணமேடையில் ஏறி, தாலியைக் கையில் வாங்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து மூச்சை இழுத்தார். உதடு பிரிந்தது. அமுக்கினேன்.

மொத்தத் தியேட்டரும் ஒரே சமயத்தில் சிரித்தது. பால்கனியிலிருந்து குனிந்து பார்த்தேன். பின் வரிசையில் கைகள் காற்றில் ஆடின. மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் கன்னியம்மா நாத்தனாரின் முதுகில் அறைந்துகொண்டிருந்தார். யார் காது கேட்பவர், யார் கேட்காதவர் என்று மேலிருந்து சொல்ல முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. அதனால் அடுத்த வரியைத் தவறவிட்டேன், வருத்தமில்லை.

படம் முடிந்ததும் சுகந்தி தன் போனைப் பரிமளாவிடம் நீட்டினார். என்ன எழுதியிருந்தார் என்று பார்க்கவில்லை, பரிமளா சத்தமாகச் சொன்ன பதில்தான் கேட்டது. "நாலு ஞாயிறும் டைப் பண்ண என் கையி தாங்காதும்மா. மாசத்துல ரெண்டு ஞாயிறு போடறேன். நிறுத்த மாட்டேன்." சுகந்திக்காக இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். சுகந்தி அந்த இரண்டு விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். எந்த ஞாயிறுகள் என்பது மாதாமாதம் மாறும், தியேட்டர் வாசல் போஸ்டரில் "எழுத்துடன்" என்று ஒட்டியிருப்பார்கள். கேட்டுவிட்டுப் போங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தால் முப்பது கிலோமீட்டருக்குள்தான், பஸ் மாகறல் வழியாக வரும். காலையிலேயே வந்துவிட்டால் குடவோலைக் கல்வெட்டையும் ஏரிக்கரையையும் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் அருகே சாப்பிட்டுவிட்டுப் போகலாம். எழுத்து நன்றாகத் தெரிய நடு வரிசைகளுக்குப் பின்னால் உட்காருங்கள். வெயில் காலமானால் கைவிசிறி எடுத்துப்போங்கள். டைப் செய்யத் தெரிந்து, வாரத்தில் ஒரு நாள் ஒழியுமானால் பரிமளாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கடைசி ஞாயிறு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் மலர் உட்கார்ந்தாள். படம் எப்படி என்று கேட்டாள். எனக்கு எல்லா வசனமும் தெரியும், யார் யாரிடம் எதற்குச் சொன்னார்கள் என்பதுதான் தெரியாது என்றேன். அவளால் நம்ப முடியவில்லை. பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பெண் பார்க்கும் காட்சியிலிருந்து ஆரம்பித்தாள். மாமனாராக நடித்தாள், சமையல்காரராக நடித்தாள், மேளக்காரராகக்கூட நடித்தாள். டிக்கெட் கேட்க வந்த கண்டக்டர் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். செங்கல்பட்டு வந்தபோது மாப்பிள்ளை இன்னும் தாலி கட்டி முடிக்கவில்லை. இறங்கி, ரயில்வே பிளாட்பாரத்தில் ஒரு விளக்கடியைத் தேடிப் போய் நின்றோம். மீதிக் கதையை அங்கே சொன்னாள். ஒரு ரயிலை விட்டுவிட்டோம்.