நிமிராத வாசுவும் சந்தனக் கண்ணாடியும்

பிரிக்பீல்ட்ஸில் போட்டோக்கார வாசுவை எல்லாருக்கும் தெரியும். அவன் முகத்தை நேராகப் பார்த்தவர்கள்தான் குறைவு. படம் எடுக்கப் போனவர்களிடம் விசாரித்தால் அவனுடைய வகிடு நேராக இருக்கும், எண்ணெய் மின்னும் என்று சொல்வார்கள். அதற்குக் கீழே மூக்கு எப்படி, மீசை எப்படி என்று கேட்டால் யோசிப்பார்கள்.

குற்றம் அவனுடையது அல்ல, கேமராவுடையது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் வைத்த பழைய ஜெர்மன் பெட்டி அது. ரயில்வேயில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனதை வாசுவின் அப்பா வாங்கி வைத்திருந்தார். கழுத்தில் மாட்டி வயிற்றுக்கு நேராகத் தொங்கவிட்டு, மேல் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சதுரக் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் எடுப்பதற்கு. கண்ணாடியில் ஆள் நேராகத்தான் நிற்பார். ஆனால் இடது வலதாகவும் வலது இடதாகவும் மாறித் தெரியும்.

இந்தக் குனிவுதான் வாசுவுக்குச் சோறு போட்டது. எழுபதுகளின் கடைசியில் கல்யாணப் பேச்சு என்றால் முதலில் பெண்ணின் படம்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். வயதுக்கு வந்த பெண்ணைக் கண்ட கண்ட ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போக அப்பாக்களுக்குப் பயம். "வாசுகிட்ட போங்கலா. பொண்ண நிமிர்ந்துகூட பார்க்க மாட்டான், தங்கமான பையன்" என்று ஒருவர் சொல்ல, கிள்ளான் வரைக்கும் அந்தப் பெயர் பரவிவிட்டது. குனிந்தபடியே அவன் அத்தனை பெண்களையும் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் பார்க்காமல் ஃபோகஸ் எப்படிப் பண்ணுவது? இதை அப்பாக்களிடம் விளக்கிச் சொல்ல அவன் என்ன பைத்தியமா?

துணிக்கடைக்கு மேலே முதல் மாடியில் ஸ்டூடியோ, பின்பக்கம் வீடு. வீட்டில் அவனும் அம்மா சீதாலெட்சுமியும்தான். இந்த ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். சிலந்தி வலை மாதிரி மெல்லிசாக ஒரு மூலையில் ஆரம்பித்தால் கண்ணாடி முழுக்கப் படர்ந்துவிடும். அதற்காக வாசு ஒரு மர அலமாரிக்குள் சின்ன பல்பைப் போட்டு, இரவும் பகலும் எரியவிட்டு, கேமராவை அதற்குள் வைத்திருந்தான். வீட்டிலேயே ஈரம் அண்டாத இடம் அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்த சீதாலெட்சுமி, அப்பளக் கட்டையும் முறுக்கு டின்னையும் கொண்டுபோய் அதிலேயே வைத்தார்.

"எறும்பு வந்தா கேமராவுக்குள்ள போயிடும்மா."

"ஒன் பொண்டாட்டி வந்து சொல்லட்டும், எடுக்கிறேன்" என்பார் அம்மா. முப்பது வயதுக்காரன் முறுக்கு டின்னை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுப் போவான்.

ஞாயிற்றுக்கிழமையானால் வாசு பாயை விரித்து உட்கார்ந்துவிடுவான். ரப்பர் பல்பால் தூசியை ஊதுவான். மான் தோலால் லென்ஸை வட்டமாகத் துடைப்பான். பிலிம் போடாமலே ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் தட்டி, காதருகே வைத்துக் கேட்பான். சும்மா கிடந்தால் ஷட்டருக்குச் சோம்பல் வந்துவிடும் என்பது அவன் கட்சி. கேமராவைத் தொட வீட்டில் யாருக்கும் அனுமதி கிடையாது, வருஷத்தில் ஒரு நாளைத் தவிர.

அந்த ஒரு நாள் ஆயுத பூசை. தெருவில் டாக்சி, லோரி, தையல் மெஷின் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நிற்கும்போது கேமரா மட்டும் மூளியாக இருக்கலாமா? "தோல் உறையில வைம்மா, கண்ணாடியில வைக்காத" என்று வாசு வருஷா வருஷம் சொல்வான். அம்மாவும் வருஷா வருஷம் தலையாட்டுவார். ஒரு வருஷம் கண் சரியாகத் தெரியாமல் இரண்டு லென்ஸின் நடுவிலும் அழகாகப் பொட்டு வைத்துவிட்டார். அப்புறம் ஞாபகம் வர, பதறிப்போய்க் கீழ் லென்ஸைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். மேல் லென்ஸுக்குப் போவதற்குள் மகன் வந்துவிட்டான்.

மறுநாள் காலையில் செந்தூலிலிருந்து ஒரு பெண் படம் எடுக்க வந்தாள். வாசு குனிந்தான். கண்ணாடி மங்கலாக இருந்தது. மேல் லென்ஸில் இருந்த பொட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சுத்தமாகத் துடைத்தான். இப்போது பளிச்சென்று தெரிந்தது, எடுத்தான். பார்ப்பது ஒரு லென்ஸ், எடுப்பது இன்னொரு லென்ஸ் என்று மற்றவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன், கீழ் லென்ஸைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இருட்டறையில் படத்தை அலசித் தூக்கிப் பார்த்தான். எங்கும் ஒரு வெள்ளைப் புகை. தோட்டைச் சுற்றி ஒளி, நெற்றியைச் சுற்றி ஒளி. பூஞ்சைதான், தொலைந்தது என்று டார்ச்சை அடித்து லென்ஸைப் பார்த்தான். பிறகு முகர்ந்து பார்த்தான். சந்தனம்!

மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுத்துத் தரலாம் என்று அவன் காத்திருக்க, பெண்ணின் அப்பாவோ படத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "மகாலெட்சுமி மாதிரி இருக்குல்ல தம்பி!" மூன்று வருஷமாகத் தள்ளிப்போன கல்யாணம் தையில் முடிந்தது. அவ்வளவுதான், வாசுவின் கேமரா ராசியான கேமரா ஆகிவிட்டது. லென்ஸை அவன் துடைத்துச் சுத்தமாக்கினால், வருகிறவர்கள் "அந்த மாதிரி வேணும்" என்று அடம்பிடித்தார்கள். கடைசியில் கீழ் லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற வெறும் கண்ணாடி வட்டம் ஒன்றை அம்மாவிடம் கொடுத்தான். அவர் சாமி கும்பிட்டு, மோதிர விரலால் அதில் மெல்லிசாகச் சந்தனம் பூசித் தருவார். முகப்பரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு, எதுவானாலும் அந்தப் புகையில் மறைந்துவிடும். பிழைப்பு ஜோராக நடந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, கிள்ளான் துறைமுகத்தில் கிடங்கு மேற்பார்வை பார்க்கும் கன்னையா, மகள் ரமணியைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். அவர்கள் வருவது இது இரண்டாம் தடவை. ரமணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தாள். அவள் குரல் கிள்ளானில் பாதிப் பேருக்குத் தெரியும். சின்ன வயதில் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்ததில் ஒரு கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு. போன தடவை எடுத்தபோதே வாசு அவளைக் கண்ணாடிக்குள் தேவைக்கு அதிகமான நேரம் பார்த்தான் என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

"சிரம்பான் பக்கம் ஒரு எடம் வந்திருக்கு தம்பி. போன தடவய விட சந்தனம் கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கன்னையா வெற்றிலை வாங்கக் கீழே இறங்கினார்.

வாசு பிலிமைப் பார்த்தான். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். காலையில் வந்தவர்களுக்குப் போக ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. குனிந்தான்.

"பாஸ்" என்றாள் ரமணி. அண்ணே என்று கூப்பிடாததில் வாசுவுக்கு ஒரு நிம்மதி. "அந்த சந்தனக் கண்ணாடிய கழட்டிடுங்க."

"அப்பா வேணும்னாரே."

"அப்பாவுக்கு வேணும். எனக்கு வேணாம்." அவள் குரல் உயரவில்லை. "போன தடவ நீங்க எடுத்த படத்தப் பாத்துட்டு ஈப்போலேருந்து காரு போட்டுக்கிட்டு வந்தாங்க. நான் தேத்தண்ணி கொண்டாந்து வச்சேன். அந்தம்மா படத்தப் பாத்தாங்க, என்னயப் பாத்தாங்க, மறுபடி படத்தப் பாத்தாங்க. மாப்பிள பாதி தேத்தண்ணிய அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிட்டாரு. அந்த கிளாஸ நான்தான் கழுவுனேன்."

வாசு பெட்டிக்குள் இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அவள் தெளிவாகத்தான் தெரிந்தாள். எப்போதும் அவன் பார்ப்பது தெளிவாகத்தான் இருந்தது. மற்றவர்களுக்குத்தான் புகையைக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். ராசியான கேமரா என்று ஊர் சொன்னதைக் கேட்டுக் குளிர்ந்துபோய்க் கிடந்ததை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"தெரிஞ்சி வர்றவங்க வரட்டும். வரலன்னா போகட்டும். இன்னொரு கிளாஸ் என்னால கழுவ முடியாது பாஸ்."

படியில் கன்னையாவின் செருப்புச் சத்தம் கேட்டது. வாசு கண்ணாடி வட்டத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபோகஸை ஒருமுறை சரிபார்த்து, அந்தப் பன்னிரண்டாவது படத்தை எடுத்தான்.

"நல்லா வந்துச்சா தம்பி?"

"நல்லா வந்திருக்கும்" என்றான் வாசு, தலை நிமிராமல்.

சாயங்காலம் துணி துவைக்க எடுத்த சீதாலெட்சுமி, சட்டைப் பையில் மஞ்சள் கறையைப் பார்த்தார். உள்ளே கண்ணாடி வட்டம். "சாமி சந்தனத்த பையில போட்டுக்கிட்டு யாருக்குடா படம் எடுத்த?" என்று இருட்டறை வாசலில் வந்து நின்றார். வாசு கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்த ஈரப் படத்தைக் காட்டினான். பெண்ணின் பெயரையோ ஊரையோ அம்மா கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நேராகக் கேமராவைப் பார்த்த முகம். தழும்பு ஒவ்வொரு சுருக்கத்தோடும் தெரிந்தது. கண்ணும் அதே அளவுக்குத் தெரிந்தது.

"பாவம், கன்னத்துல எப்படிப் பட்டுச்சாம்?"

"எண்ணெம்மா. வலது கன்னத்துல" என்றான் வாசு, படத்தைத் திரும்பிப் பார்க்காமலே.

"படத்துல இடது கன்னத்துல இருக்கு."

வாசு விழித்தான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டிக்குள் எல்லாம் மாறித் தெரியும் என்று அவனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். "அப்படின்னா இந்தப் பொண்ண நீ பெட்டிக்குள்ள குனிஞ்சே பாத்து வச்சிருக்க. நேர்ல ஒரு தடவகூட நிமிர்ந்து பாக்கல. பேரு மட்டும் தங்கமான பையன்!"

வாசுவின் காது சிவந்தது.

"படத்த யாரும் வந்து வாங்க வேணாம். நாமளே கொண்டுபோய்க் கொடுப்போம். கேமராவ வீட்டிலயே வை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிள்ளானுக்குப் பஸ் ஏறினார்கள். கழுத்தில் பெட்டி இல்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று வாசுவுக்குத் தெரியவில்லை. கன்னையா வாசலிலேயே உறையைப் பிரித்தார். முகம் சுருங்கிப்போனது.

"என்னா தம்பி இது? தழும்பு அப்படியே தெரியுது! இதப் பாத்துட்டு யாரு வருவா?"

"நாங்க வந்திருக்கோம்ல" என்றார் சீதாலெட்சுமி. "இந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் வந்திருக்கோம்."

கன்னையாவுக்கு அது புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார், விசிறியைப் போட்டார், போட்ட விசிறியையே மறுபடி போடப் போனார். உள்ளே பாத்திரம் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது. எல்லாம் ரமணியின் காதிலும் விழுந்திருக்கிறது.

ரமணி தேத்தண்ணி கொண்டுவந்தாள். வாசு பழக்க தோஷத்தில் தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாஸ், இன்னிக்கிக் கேமரா இல்ல" என்றாள். "நிமிரலாம்."

வாசு நிமிர்ந்தான். தழும்பு இடது கன்னத்தில்தான் இருந்தது. அவள் அவனுடைய மூக்கையும் மீசையையும் முதல் தடவையாகப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், சூடு பொறுக்காத தேத்தண்ணியை அவன் அடிச் சர்க்கரை வரைக்கும் குடித்தான்.

கிளாஸை வாங்க அவள் கை நீட்டினாள். வாசு கொடுக்கவில்லை.

"இந்த கிளாஸ நீங்க கழுவ வேணாம்" என்றான்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை எழுந்து நேராக அடுப்படிக்குள் போவதைக் கன்னையா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். வாசு குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிளாஸைக் கவிழ்த்து வைத்தான்.