தூளிக்கடியில் சந்தனம்

எங்கள் குடியிருப்பில் சிரிப்பு வகுப்பு நடத்துகிறவர் புது மொட்டையோடு வந்திருந்தார். "துக்கத்தை வாசல்லயே விட்டுட்டு வாங்க!" என்று அவர் கைதட்டியபோது தலைச் சந்தனம் மணத்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், என் சிறுவயதில், திருத்தணி மலையடியில் இருந்தோம். தங்கை வள்ளிக்கு மலையில் முதல் மொட்டை போட நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது.

"சாமி கூப்ட்டுகினாரு. யாரும் அழக்கூடாது," என்றார் நைனா. அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு சமைத்தாள்.

நைனாவோ தினமும் சாயங்காலம் சந்தனம் அரைத்து, கிண்ணத்தில் வழித்து, காலித் தூளிக்கடியில் வைப்பார். ஈரக் கல்லின் உரசல் கேட்டாலே தூளி ஆடுவதுபோல் எனக்குத் தோன்றும்.

மணவூரிலிருந்து வந்த அத்தை, நைனாவின் அக்கா, அதைப் பார்த்துவிட்டாள்.

"யார் தலைக்குடா அரைச்சிகினு கீற?"

"கொழந்தைக்குதான்க்கா."

அத்தை கிண்ணத்தைப் பிடுங்கி முற்றத்தில் வீசினாள். "அவ மண்ணுக்குள்ள கீறாடா! நீ அழாட்டி போ, பெத்தவளையாவது அழவுடுடா, பாவி!"

முறைப்படி பார்த்தால் அது ஆறுதல் அல்ல, வசை. நைனா கையை ஓங்கினார். அந்தக் கை அவர் தலையிலேயே விழுந்தது. அவர் அழுதது தெருக்கோடிவரை கேட்டது. அம்மா ஓடிவந்து அவர் மார்பில் அடித்து அடித்து அழுதாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் நைனா தூளியை அவிழ்த்து மடித்தார். பிறகு, "பசிக்குதுடி," என்றார்.

வள்ளி போனதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது.